பேட்டரி மிச்சம்

தலைமறைவான மகன் என்றைக்காவது வருவான் என்று, செல்லக்கிளியின் வீட்டுச் சுவருக்குள் போலீஸ் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பதித்திருந்தது. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் எதிர்மாடியிலிருந்து ஏட்டு தவசிமுத்து ரிமோட்டை அழுத்தினால்தான் அது விழிக்கும். அவர் மதியத்தில் தவறாமல் அழுத்துவார். தட்டு வைக்கும் சத்தம் வரும். "வாடா, சோறு ஆறுது" என்று அவள் ஆளில்லாத வீட்டில் கூப்பிடுவாள். அதற்குப் பிறகுதான் ஏட்டு தன் பார்சலைப் பிரிப்பார். அம்மா போனபிறகு அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு, "வந்துட்டேம்மா" என்று ஒரு குரல் கேட்டது.

"ஒண்ணும் பேசாத. மொதல்ல தின்னு" என்றாள் அவள்.

ஏட்டு ரிமோட்டை அழுத்திக் கருவியை அணைத்தார்.

"யாராச்சும் வந்தாங்களாண்ணே?" என்று கேட்டபடி கான்ஸ்டபிள் பெஞ்சமின் படியேறி வந்தான்.

"பேட்டரி மிச்சமாகட்டும்டா. அரை மணி நேரம் கழிச்சுப் போட்டுப் பாப்போம்."