ஒரு விரற்கடை

"இன்னொரு தடவை வை, பாப்போம்."

செல்லக்கனி வலது கையைத் தூக்கி உச்சந்தலைமேல் போட்டாள். விரல்கள் மறுபக்கம் இறங்கி, இடது காதை அழகாகப் பிடித்துக்கொண்டன.

"எட்டுதாக்கா?"

"எட்டுது," என்றாள் சந்தனமாரி. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் சேர்க்கும் நாள். விளாத்திகுளம் பக்கம் மழை பொய்த்துப்போய், தூத்துக்குடிக்கு உப்பு வார வந்த குடும்பங்கள் அவை. பிறந்த தேதியை எழுதி வைத்திருக்கும் குடிசை அங்கே ஒன்றுகூடக் கிடையாது. கை தலையைச் சுற்றிக் காதைத் தொட்டால் வயது ஐந்து. தொடாவிட்டால் அடுத்த ஜூன். ஜெபகனி டீச்சர் அப்படித்தான் சேர்ப்பார்.

அம்மா சீனித்தாய் முந்தாநாளே சந்தனமாரியிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "உனக்கு நாலு கிளாசு ஆச்சு. இனி அவ போகட்டும், நீ தம்பியப் பாரு. ரெண்டு பேரும் போனா அவன உப்புப் பாத்திக்குள்ளயா போட்டுட்டு வாருவேன்?"

சந்தனமாரியால் மறுத்துப் பேச முடியவில்லை. அப்பா புதுத் துறைமுகத்துக்குக் கல் சுமந்தார். அம்மா உப்பு சுமந்தாள். செல்லக்கனி தம்பியைச் சுமந்தாள். ஒன்றும் சுமக்காமல் சிலேட்டோடு அலைந்தவள் சந்தனமாரி ஒருத்திதான்.

ஆனால் இன்னும் ஒரே ஒரு வகுப்பு. அஞ்சாப்பு முடித்தால் ஸ்ரீவைகுண்டத்தில் ஆஸ்டலோடு ஆறாம் வகுப்புச் சேர்த்துவிடுகிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏளா, கேட்டுக்கோ. காது எட்டுத பிள்ளைகளுக்கு அங்கன ஊசி போடுதாவ. காதுக்குப் பின்னால. இம்புட்டு நீளம்."

செல்லக்கனி அக்காவையே பார்த்தாள். போன மாதம் காலரா ஊசிக்காரர்கள் வந்தபோது, மீசை வைத்த ஆம்பிளைகளே உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். இவள்தான் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டி, தேய்த்த பஞ்சையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"அப்ப எட்டாம இருக்க என்னக்கா செய்யணும்?"

"தோள இறக்கிக்கோ. முழங்கைய மடக்கிக்கோ. ஒரு விரற்கடை குறைஞ்சா போதும்."

"சரிக்கா."

இவ்வளவு சுளுவாகச் சரி என்பாள் என்று சந்தனமாரி எதிர்பார்க்கவில்லை. கஞ்சி குடித்ததும் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இருவரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. செல்லக்கனி அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யக்கா, அந்த அணிலுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

"அ" என்று ஓர் எழுத்தைச் சொல்லச் சந்தனமாரிக்கு வாய் வரவில்லை.

"கைய வை தாயி," என்றார் டீச்சர்.

செல்லக்கனி வைத்தாள். சொல்லிக் கொடுத்தது பிசகவில்லை. ஒரு விரற்கடை குறைந்தது.

"எட்டலியேம்மா. அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க."

"கஞ்சித்தண்ணியில வளருத கை. அது எங்க டீச்சர் எட்டும்?" என்று சீனித்தாய் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. சின்னவளின் தலையைத் தடவினாள். "நீயாவது காலாகாலத்துல சேருவேன்னு பாத்தேன், போ."

டீச்சர் நோட்டை மூடப் போனார். சந்தனமாரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எட்டும் டீச்சர்! நான்தான் மடக்கச் சொன்னேன். ஊசி போடுவாவன்னு பொய் சொன்னேன்." தங்கச்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஊசியெல்லாம் கிடையாதுளா! நல்லா நீட்டு!"

செல்லக்கனி மறுபடியும் கையைப் போட்டாள். பல்லைக் கடித்தாள். முகம் சிவந்தது, நெற்றி வேர்த்தது. அதே ஒரு விரற்கடை.

"தங்கச்சியச் சேர்க்கணும்னு என்னமா பொய் சொல்லுதா, பாருங்க!" டீச்சர் சந்தனமாரியின் கன்னத்தில் செல்லமாகத் தட்டினார். "இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்? நாளைக்கு வந்து அஞ்சாப்புல உக்காரு."

அந்தத் தட்டு அவளுக்கு அறையாக விழுந்தது.

அம்மா தம்பியைச் செல்லக்கனியின் கையில் கொடுத்துவிட்டு நேரே உப்பளத்துக்கு நடந்தாள். அக்காவும் தங்கையும் பாத்தி வரப்பில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைத்தது. சந்தனமாரிக்குக் கண் கலங்கியதற்கு உப்பு மட்டும் காரணமில்லை.

"இன்னும் ஊசிக்குப் பயந்துதான் மடக்கினியாளா? சாமி சத்தியமா ஊசி கிடையாது. நாளைக்கு நான் உன்னக் கூட்டிட்டுப் போறேன். டீச்சர் முன்னால எட்டிக் காமி, என்ன?"

கடல் காற்று செல்லக்கனியின் முடியைக் கலைத்து இடது காதில் போட்டது. இடது கையில் தம்பி. வலது கையைத் தலைமேல் சுற்றிப் போட்டு, முடியை இடது காதுக்குப் பின்னால் நன்றாகச் செருகிக்கொண்டாள்.

"நீ அஞ்சாப்பு முடி யக்கா. பொறவு எட்டும்."