சொல்லிக்கொடுத்த பதில்

“கேட்டால் என்ன சொல்லுவாய்?”

“இல்லை எண்டு சொல்லுவன், அம்மா.”

“யோசிக்காமல் சொல்லோணும். கொஞ்சம் தடுமாறினாலும் இயக்கப் பிள்ளை எண்டு பிடிச்சு வைச்சிருவாங்கள்.”

கிளிநொச்சியில் பஸ் ஏறியதிலிருந்து ஜெகதீஸ்வரி மகளுக்கு இதையேதான் ஓதிக்கொண்டு வந்தாள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பெண் சிப்பாய் உடம்பில் காயம் ஏதும் உண்டா என்று கேட்டபோது நிரோஜினி பட்டென்று “இல்லை” என்றாள். விட்டுவிட்டார்கள். ஜெகதீஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஓயாத தலையிடிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கத்தான் கொழும்புக்கு வந்தார்கள். ஸ்கான் அறைக்குள் தாயை விடவில்லை. மகளின் தோடு, சங்கிலி, கொண்டையூசி எல்லாவற்றையும் கழற்றி ஜெகதீஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரன் நின்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சற்றுப் பொறுத்து ஒரு தமிழ்த் தாதி வெளியே வந்தாள்.

“பிள்ளை பயப்பிடுறாளோ, மிஸ்?”

“ஒரு பயமும் இல்லை, அம்மா. உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கோ எண்டு கேட்டனான். டக்கெண்டு ‘இல்லை’ எண்டவா. இருந்தால் கரைச்சல்தான். இந்த மெஷின் இரும்பை இழுத்துச் சதையைக் கிழிச்சுப்போடும்.”

கொண்டையூசிகள் ஜெகதீஸ்வரியின் கையிலிருந்து சிதறின. உள்ளே மெஷின் இடிக்கத் தொடங்கியது.

பொலிஸ்காரன் திரும்பிப் பார்க்க, அவள் கதவில் ஓங்கி அறைந்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்க அலறினாள்.

“நிப்பாட்டுங்கோ! என்ரை பிள்ளையின்ரை பிடரிக்குள்ள ஷெல் துண்டு இருக்கு!”