பயத்தை வாங்கிக்கொள்கிறவள்

முத்தரசி குடும்பத்தின் முதல் பட்டதாரி. எம்.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. பார்க்கிற வேலையோ, பெரிய மனிதர்களின் பயத்தை வாங்கிக்கொள்வது. நெடுஞ்சாலையில் லாரியைக் கண்டாலே ஓரங்கட்டி நின்றுவிடுகிற முதலாளிமார்கள் காரில் ஏறியதும் ஒரு பொத்தானை அமுக்குவார்கள். அவர்களுடைய படபடப்பு மொத்தமும் ஆபீசில் உட்கார்ந்திருக்கிற இவள் நெஞ்சுக்கு ஒயர் வழியாக வந்துவிடும். அவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். இவள் வாளியில் வாந்தி எடுப்பாள்.

அன்று காலை ஜவுளிக்கடை முதலாளி நமச்சிவாயம் திண்டிவனம் சாலையில் நூற்று நாற்பதில் பறந்துகொண்டிருந்தார். அவர் கார் கேமராவின் படம் ஓடுகிற ஆபீஸ் திரையில் முத்தரசியின் ஊர் முக்கு தெரிந்தது. சாலையின் குறுக்கே, தலையில் புல்லுக்கட்டோடு அவள் அம்மா.

"சார், பிரேக்கைப் போடுங்க! ஆள் வருது!" என்று மைக்கில் கத்தினாள்.

"ஏம்மா பதறுற? அதெல்லாம் ஒதுங்கிப் போயிடும்" என்றார் அவர், சாவகாசமாக.

பதறத்தானே இவளை வைத்திருக்கிறார்கள்! முத்தரசி நெஞ்சிலிருந்த ஒயரைப் பிடுங்கினாள். அவர் பயம் அவருக்கே போய்ச் சேர்ந்தது. "ஐயோ!" என்று ஓர் அலறல். புல்லுக்கட்டுக்கு ஒரு முழம் முன்னால் கார் கிறீச்சிட்டு நின்றது.

மேலாளர் ஓடிவந்தார். "சார் எப்படிப் பயந்துட்டார் தெரியுமா? மன்னிப்புக் கேளு!"

"எங்கம்மா செத்திருப்பாங்க சார்."

"அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு? அவரோட பயம் உங்கிட்டதானே இருந்துது?"

"அப்படியா? இனிமே நீங்களே வச்சுக்குங்க" என்று ஒயரை நீட்டினாள் முத்தரசி.

மேலாளர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.