பிப்ரவரி முப்பது

"ஒரு தப்பு ஒரு தடவை நடந்தா கை தவறினதுன்னு விடலாம். அதே தப்பு திரும்பத் திரும்ப நடந்தா..." என்று மாமனார் ஏதோ சொல்வார். பின்பாதி கம்ப்யூட்டர்காரருக்கு நினைவில்லை.

'ஆள் சரியில்லை' என்று தானே முடித்துக்கொண்டார்.

அந்தத் தாய்சேய் ஆஸ்பத்திரியின் பழைய மென்பொருளில் இருந்த பதினாறு வருடப் பதிவுகளைப் புதியதற்கு மாற்றித் தரவேண்டும். ஒரு நாள் வேலை என்று ஒப்புக்கொண்டு வந்தவருக்கு இது நாலாவது நாள்.

பழையதிலிருந்து வெளியே எடுத்தால் பாதிப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தன. முகவரியில் எங்கே காற்புள்ளி இருந்தாலும் அது அடுத்த கட்டத்துக்குத் தாவி, தெருப்பெயரைக் கொண்டுபோய் ரத்த வகையில் உட்கார வைத்தது. போன் நம்பர்களின் முதல் பூஜ்யம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போயிருந்தது. அத்தனையையும் சரிக்கட்டி இன்று ஏற்றினால், முப்பத்தேழு வரிகள் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தன.

எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. 'அடுத்த தடுப்பூசி' என்ற கட்டத்தில் பிப்ரவரி முப்பது.

அவர் எழுந்து பதிவு ஜன்னலுக்குப் போனார். எதிரே பெஞ்சுகள் நிறையக் கர்ப்பிணிகள். பதினாறு வருடமாக அந்த ஜன்னலில் இருக்கும் பதிவு அக்கா சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா, உங்க காலண்டர்ல பிப்ரவரிக்கு எத்தனை நாள்?"

"இருபத்தெட்டு தம்பி. நாலு வருஷத்துக்கு ஒருக்கா ஒண்ணு கூட."

"முப்பது எப்ப வரும்?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"கூட்டம் குறையட்டும் தம்பி. நானே வந்து சொல்றேன்."

மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குள் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "என்ன, முடியுமா இன்னிக்காவது?"

"அக்கா தேதியெல்லாம் இஷ்டத்துக்குப் போட்டு வெச்சிருக்காங்க டாக்டர்."

"அப்படியா? அறிக்கையில எழுதுங்க. புதுசுக்கு வேற ஆள் போடலாமான்னு யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். நீங்க எழுதுறதை வெச்சு முடிவு பண்றேன்."

கம்ப்யூட்டர்காரர் ஒரே கட்டளையில் பிப்ரவரி முப்பது எல்லாவற்றையும் இருபத்தெட்டு ஆக்கினார். முப்பத்தேழும் சாதுவாக உள்ளே போயின. நாலு மணி ஆனால், தேதி தாண்டியவர்களுக்கெல்லாம் புது மென்பொருள் தானாகவே செய்தி அனுப்பும்.

மூன்றே முக்காலுக்கு அக்கா இரண்டு டம்ளர் டீயோடு வந்தார்.

"அந்தத் தேதி விஷயம் தம்பி..."

"விடுங்கக்கா. இருபத்தெட்டுன்னு மாத்தி எல்லாத்தையும் ஏத்தியாச்சு. நாலு மணிக்கு அவங்களுக்கு மெசேஜே போயிடும்."

"என்ன மெசேஜ்?"

திரையைத் திருப்பிக் காட்டினார். 'உங்கள் செல்லக் குழந்தையின் தடுப்பூசி நாள் கடந்துவிட்டது. மறவாமல் அழைத்து வாருங்கள்.'

அக்கா டம்ளர்களை மேஜையில் வைத்தார். கொஞ்சம் சிந்தியது. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தக் குழந்தைங்க இல்ல தம்பி."

"வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களா?"

அக்கா தலையை மட்டும் அசைத்தார். இல்லை என்று.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"பழசுல அந்தக் கட்டத்தைக் காலியா விட விடாது. குழந்தை பதிவை அழிச்சா அம்மா பதிவும் கூடவே போயிடும். அடுத்த பிரசவத்துக்கு அது வேணும். ஏதாவது ஒரு தேதி போட்டா, அன்னிக்கு மெசேஜ் அந்தப் பொண்ணு போன்ல போய் நிக்கும். ஒருத்திக்கு அப்படித்தான் போயிடுச்சு. போனைக் கையில வெச்சுக்கிட்டு ஜன்னல்ல வந்து நின்னா. திட்டலை. 'எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும்'னு கேட்டா."

அக்கா டம்ளரின் விளிம்பைத் துடைத்தார்.

"அப்புறம்தான் வராத தேதியாப் பார்த்துப் போட ஆரம்பிச்சேன்."

"காலையிலயே சொல்லியிருக்கலாமேக்கா."

"அத்தனை பேரு வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடியா?"

"டாக்டரம்மாகிட்டயாவது..."

"ஒவ்வொண்ணுக்கும் அவங்க ரெண்டு நாள் சரியாச் சாப்பிட மாட்டாங்க. அதுல போய் என்ன தேதி போடட்டும்னு கேக்கச் சொல்றீங்களா?"

நாலு மணிக்கு இன்னும் ஒன்பது நிமிஷம்தான். முதலில் செய்தி அனுப்பும் வேலையை நிறுத்தினார். பிறகு தேதிக் கட்டம் காலியாகவும் இருக்கலாம் என்று புது மென்பொருளில் மாற்றினார். ஆனால் நிஜமான இருபத்தெட்டாம் தேதிக்காரர்களோடு அந்த முப்பத்தேழும் கலந்துபோயிருந்தன. பழைய கோப்பைத் தேடி எடுத்தார்.

அதற்குள் அக்கா நினைவிலிருந்தே சொல்ல ஆரம்பித்திருந்தார். "தையல்கடைக்காரர் மருமக. பஸ் டிரைவர் சம்சாரம், அவளுக்கு ரெட்டை. ஸ்கூல் டீச்சர், ரெண்டு தடவை..."

அவர் பழைய கோப்போடு ஒப்பிட்டு, ஒவ்வொரு தேதியையும் காலியாக்கிக்கொண்டே வந்தார். ஒன்றுகூட விடுபடவில்லை.

மாமனார் எப்படி முடிப்பார் என்பது அப்போதும் நினைவுக்கு வரவில்லை. 'ஆள் சரியில்லை' என்று நிச்சயம் முடித்திருக்க மாட்டார்.

"அறிக்கை ரெடியா?" என்று வெளியே டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

'புதிய மென்பொருளைக் கையாளத் தகுந்தவர்' என்ற இடத்தில் பதிவு அக்காவின் பெயரை எழுதினார். 'பிழைகள்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்.