கன்ட்ரோல் குழாய்

திரையில் படம் மெதுவாகத் தெளிந்தது. ஒரே கோடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் இருந்தன.

இது மூன்றாவது முறை.

ஷாஹினாஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். உடன் வேலை செய்யும் சிஜின் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

நாகர்கோவிலுக்கு வெளியே உள்ள அந்த ஆய்வகத்தில் அவளுக்கு ஒரே வேலை. ரத்தத்திலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதிலுள்ள கட்டளைப்படி குழாய்க்குள்ளேயே புரதம் உருவாக வைப்பாள். கட்டளை சரியாக இருந்தால் முழுப் புரதம் வரும், திரையில் அதன் நீளத்துக்கேற்ற உயரத்தில் ஒரு கோடாகத் தெரியும். நடுவில் 'நிறுத்து' என்று தப்பான குறி ஒன்று விழுந்திருந்தால் புரதம் அங்கேயே நின்றுபோகும். பாதி பின்னிய வலை மாதிரி, ஒன்றுக்கும் உதவாது.

தசைக்கு வேண்டிய புரதம் அப்படி நின்றுபோனால் பையன்கள் நடக்கமுடியாமல் ஆகிவிடுவார்கள். பெண்களுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. அவர்களிடம் நல்ல பிரதி இன்னொன்று இருக்கும். ஆனால் கெட்டதையும் சுமந்துகொண்டிருப்பார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடக்கூடும்.

முதல் வரிசை குளச்சல் பையனுடையது. எட்டு வயது. போன மாதம் வரை பள்ளி வேனில் தானாகவே ஏறிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரே கோடு, அதுவும் குட்டைப் புரதத்தின் கோடு. எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவது வரிசை, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் நல்ல ரத்தம். கன்ட்ரோல் என்பார்கள். அதில்தான் இரண்டு கோடுகள். முழுசு ஒன்று, குட்டை ஒன்று.

கன்ட்ரோலுக்காக யாரிடமும் போய்க் கையை நீட்டச் சொல்லமுடியாது. கமிட்டி, படிவம், கையெழுத்து என்று மூன்று மாதம் இழுத்துவிடும். அதனால் இங்கே வேலை செய்கிறவர்களில் யாராவது ஒருவர் தன் கையில் குத்தி ரத்தம் கொடுப்பது வழக்கம். குழாயில் பேர் எழுதுவதில்லை. இந்த மூன்று முறையும் ரத்தம் ஷாஹினாஸுடையது. சிஜினுக்கு அது தெரியாது.

"அக்கா, பயலுக்க சாம்பிள் கன்ட்ரோல்ல கலந்துட்டு போல. தூரக் களயுங்க. வேற ஆளுக்க ரத்தம் எடுப்போம்," என்றான் பின்னாலிருந்து.

கலந்திருக்கவேண்டும் என்றுதான் அவளும் துஆ கேட்டிருந்தாள். ஆராய்ச்சிக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில், தன் வேலையில் பிழை இருக்கட்டும் என்று அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டும் என்ன பயன்? இரட்டைக் கையுறை போட்டு, குழாய்க்கு மேல் மூச்சுகூட விடாமல், மூன்று முறையும் பிழை வராதபடிதான் செய்தாள். பழகிய கை அவள் சொல்லைக் கேட்கவில்லை.

அளவுகோலை எடுத்துத் திரையில் வைத்தாள். பையனின் ரத்தம் கலந்திருந்தால் இரண்டு குட்டைக் கோடுகளும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும்.

நிற்கவில்லை. கன்ட்ரோலின் கோடு அரை விரல் மேலே இருந்தது. இது வேறோர் இடத்தில் நின்றுபோன புரதம். பையனுடையது இல்லை, அவளுடையதுதான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. கை தானாக வயிற்றில் போய் நின்றது. ஐந்து மாதம்.

பெண் என்றால் தப்பித்தது. ஓடும், ஆடும், படி ஏறும். ஆண் என்றால் பாதிக்குப் பாதி.

போன வாரம் ஸ்கேன் எடுத்தபோது ஆணா பெண்ணா என்று டாக்டரிடம் அவள் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்கள், சட்டம் அப்படி. எதுவானால் என்ன என்றுதான் அன்றைக்கு இருந்தது. இப்போது அது ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். தெரியாமலே இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

போன் அடித்தது. ஷமீர், அவள் கணவன். கோட்டாறு கடையிலிருந்து கூப்பிடுகிறான்.

"ஏட்டி, ஸ்கேன் எடுத்த எடத்துல நமக்க கூட்டாளி ஒருத்தன் உண்டு. விஷயத்தக் கறந்துட்டேன். யாருட்டயும் சொல்லிராத, என்னா?" கடைச் சத்தத்துக்கு நடுவே அவன் குரலைத் தாழ்த்தினான். "எங்க வாப்பாக்க பேரையே போடுவோம். நஜ்முதீன்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, சந்தோசத்துல வாயடச்சுப் போச்சா?"