மூன்றாவது வரிசைப் பெண்

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பார்த்த மாத்திரத்திலேயே நாற்பது மதிப்பெண் போட்டுவிட்டார். படிய வாரிய தலைக்குப் பதினைந்து, பக்கத்து இருக்கைப் பெரியவரின் பையை வாங்கி மேலே வைத்துக் கொடுத்த பணிவுக்கு இருபத்தைந்து.

"அவதானேடா?" என்று மகனின் காதைக் கடித்தார்.

"இப்ப சொல்ல மாட்டேன்மா. ஒரு மணி நேரம் பேசாம வா. கரைக்குத் திரும்பினதும் பிடிச்சிருக்கா இல்லையான்னு நீ சொல்லு."

மருந்துக்கடை வைத்திருந்த மகன் இந்த விஷயத்தில் சூடு கண்டவன். இதற்கு முன் வந்த இரண்டு பெண்களில் ஒருத்தியைப் போட்டோவில் மூக்கைப் பார்த்தும், இன்னொருத்தியை என்ன வேலை என்று கேட்டும் அம்மா தட்டிக் கழித்திருந்தார். அதனால் இந்த முறை பேர், வேலை என்று எதைப் பற்றியும் அவன் மூச்சு விடவில்லை. "அவ அந்தப் படகு பஸ்ல இருப்பா, நேர்லயே பாத்துக்கோ" என்று கூட்டி வந்திருந்தான். இருவருக்கும் கிடைத்தது ஓட்டுநருக்கு நேர் பின் இருக்கை.

பாதி பஸ், பாதி படகு என்றிருந்த அந்த வண்டி துறைமுகத் தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றியது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்த ஓட்டுநரே மைக்கில் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இடது பக்கம் பழைய ஜெயில். இப்ப ஹோட்டல். அப்ப உள்ள போனவங்க எப்படா வெளிய வருவோம்னு துடிச்சாங்க. இப்பவும் பில்லைப் பாத்தா அதே துடிப்புதான்."

வண்டியே சிரித்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை. ஓட்டுகிறவர்களுக்குக் கை போதாதா, வாய் எதற்கு?

மீன் ஏலக்கூடத்தைத் தாண்டியதும் ஒரு சரிவு வந்தது. அதற்குக் கீழே கடல்.

"இதுவரைக்கும் இது பஸ். இனிமே படகு. பயமா இருக்கிறவங்க கண்ணை மூடிக்கலாம். நான் மட்டும் திறந்து வெச்சிருப்பேன்."

வண்டி சளாரென்று தண்ணீரில் இறங்கியது. தலைமையாசிரியையின் நகம் மகனின் கையில் பதிந்தது. மூன்றாவது வரிசைப் பெண் கத்தவில்லை. இன்னும் ஒரு பத்து மதிப்பெண்.

கலங்கரை விளக்கத்தைச் சுற்றித் திரும்பும்போது பின்னால் 'கடக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி அப்படியே நின்றது. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் ஏதோ அறுந்த வலை சுற்றிக்கொண்டுவிட்டது. அலை வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைகள் பக்கம் தள்ளத் தொடங்கியது.

தலைமையாசிரியை எழுந்து நின்றார். "இந்த வண்டிக்கு லைசென்ஸ் இருக்கா? இதுக்கு யாரு பொறுப்பு? டிரைவர், உங்களைத்தான் கேக்கறேன்!"

அவரைப் பார்த்து நாலைந்து பேர் எழுந்தார்கள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"எல்லாரும் உக்காருங்க. மேடம், நீங்க இங்க வாங்க. இந்த ஸ்டீயரிங்கைப் பிடிங்க. இம்மி அசையக் கூடாது. வாயும்தான்."

முப்பத்தைந்து வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தையே விரல் அசைவில் ஆட்டி வைத்தவர், மறுபேச்சில்லாமல் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

ஓட்டுநர் கையிலிருந்த ஒற்றை வளையலை முழங்கை வரை தள்ளி இறுக்கிவிட்டு, கத்தியோடு வண்டியின் பின்பக்கம் போய்க் கவிழ்ந்து படுத்தார். மகன் ஓடிப்போய் அவருடைய லைஃப் ஜாக்கெட் பட்டையைப் பிடித்துக்கொண்டான். இவனுக்கு எதற்கு இந்த வேலை என்று அம்மாவுக்கு வயிற்றெரிச்சல்.

பாறையில் ஊரும் நண்டுகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. மூன்றாவது வரிசைப் பெண், நடுங்கிய பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தலைமையாசிரியை மொத்தத்தை எண்பதுக்கு உயர்த்தினார்.

கடைசியில் வலை அறுந்து வந்தது. ஓட்டுநர் சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்து இன்ஜினைப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"நான் மட்டும் பிடிக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?" என்றார் தலைமையாசிரியை, இடத்தை விட்டு நகராமல்.

"ஒண்ணும் ஆகியிருக்காது மேடம். இன்ஜின் ஆஃப்ல இருந்துச்சு. நீங்க நின்னு கத்திக்கிட்டே இருந்திருந்தாதான் ஏதாவது ஆகியிருக்கும்."

முகம் சிவக்கத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். இந்த வாயை எந்த வீடு தாங்கும் என்று மனசுக்குள் பொருமினார். எதிராளி சொன்னது சரியாக இருந்ததுதான் அவருக்கு ஆறவேயில்லை.

கரை நெருங்கியது. பாதி நனைந்த மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "என்னம்மா, பிடிச்சிருக்கா?"

"பதறாத பொண்ணுடா. அத்தனை பேர் அலறும்போதும் நிதானம் தவறலை பாரு. எனக்குப் பரிபூரண சம்மதம்." வகுப்பறைக் குரல், கிசுகிசுப்பிலும் முன்னிருக்கை வரை எட்டியது.

மகன் வாயைப் பிளந்தான். "நிஜமாவாம்மா? அவ வேலையைப் பத்தி உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"வேலை கெடக்குது வேலை! குணம்தாண்டா முக்கியம். நான் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான், மாத்த மாட்டேன்."

வண்டி சரிவில் ஏறி நின்றது. மூன்றாவது வரிசைப் பெண் பெரியவரோடு இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். "எங்கடா போறா அவ?" என்று கேட்டபடி தலைமையாசிரியை அவசரமாகப் படிக்கட்டுக்கு வந்தார்.

கீழேயிருந்து கிரீஸ் படிந்த ஒரு கை அவரைத் தாங்க நீண்டது. ஓட்டுநர் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றியிருந்தார். அந்த முகத்தில் இப்போது கொள்ளை வெட்கம்.

"பாத்து எறங்குங்க, அத்தை."