அம்பயரின் சிவப்புப் புள்ளி

காலை வெயில் விழும் துப்பாக்கிக் கடை மேசையில், சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கண்ணாடிகள் மூன்று, தீப்பெட்டியை விடச் சின்னதாக, ஒதுக்கப்பட்டுக் கிடக்கின்றன. வெண்டல் நாலாவதைத் தன் குட்டிக் கைத்துப்பாக்கியின் முதுகில் பொருத்தி, தோட்டா இல்லையென்று மறுபடி பார்த்துக்கொண்டு, சுவரிலிருக்கும் மான் தலையை நோக்கி நீட்டுகிறார். இந்த வாரம் நூறாவது முறையாகச் சாகத் தயாராக இருக்கிறது மான். “இதுவும் சொத்தை, லோர்னா. புள்ளியா இது? திராட்சைக் கொத்து மாதிரில்ல இருக்கு!” கடைக்காரி வாங்கிப் பார்க்கிறாள். “எனக்கு ஒண்ணுதான் தெரியுது.” “அப்ப உன் கண்ணைக் காட்டு டாக்டர்கிட்ட. முப்பது வருஷமா பேஸ்பால் அம்பயரா நிக்கிறேன், என் கண்ணையா சந்தேகப்படுற?” அவள் கைபேசியைக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்துப் படமெடுத்துக் காட்டுகிறாள். மானின் மூக்கில் ஒரே புள்ளி, குன்றிமணி போல உருண்டையாக. மூலையில் காபி குடிக்கும் இருவரும் உறிஞ்சுவதை நிறுத்துகிறார்கள். வெண்டலின் காதுமடல் அந்தப் புள்ளியின் நிறத்துக்கு வருகிறது. லோர்னா மேசைமேல் சாய்ந்து, மிகவும் மெதுவாகக் கேட்கிறாள்: “அம்பயரய்யா, சனிக்கிழமை கடைசிப் பந்துல என் பொண்ணை அவுட்டுன்னு கையைத் தூக்கினீங்களே... அந்தப் பந்து எத்தனையாத் தெரிஞ்சுது?”